பயம் மகளுக்கா, நமக்கா?



பெற்றோர் கூட்டத்தில் மனநோயைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், கூட்டம் ஏற்பாடு செய்த நண்பர் தயங்கினார். "அம்மா, 'தேர்வு பயத்தை வெல்வது எப்படி'ன்னு தலைப்பு போட்டுக்கலாமே! மனநோய்னா ஜனங்க வரமாட்டாங்க" என்றார். மாட்டேன் என்றேன். வந்திருக்கிறீர்கள். ஆனால் அவர் சொன்னாரே, அந்த ஒளிவுமறைவு, அதைத்தான் இன்றைக்குக் கூண்டில் ஏற்றப் போகிறேன்.

தேர்வுக்கு முதல் நாள் எந்தப் பிள்ளைக்கும் நெஞ்சு படபடக்கும். அது நோயல்ல. தேர்வு முடிந்தும் போகாத பயம் இருக்கிறதே, மாதக்கணக்கில் தூக்கத்தைத் தின்று, பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலைத் தாண்டவிடாத பயம், அதற்குத்தான் மருத்துவத்தில் பதற்ற நோய் என்று பெயர். 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. 40 பேர் உட்காரும் வகுப்பறையில் ஏறக்குறைய மூன்று பிள்ளைகள்! அந்த மூன்று பேரின் பெற்றோரும் இந்த மண்டபத்தில் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

அந்த மூன்று பேரில் ஒருத்தியின் வீட்டுக் காலை நேரத்தைப் பார்ப்போம். வேன் வரப் பத்து நிமிஷம். இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டியாயிற்று. தட்டில் இரண்டு இட்லி அப்படியே கிடக்கிறது. "அம்மா, வயிறு பிசையுது." தொட்டால் கை சில்லென்று இருக்கிறது. கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டைப் பையிலிருந்து எடுக்கிறாள், பார்க்கிறாள், வைக்கிறாள், மறுபடி எடுக்கிறாள். "மிஸ் எழுப்பிக் கேள்வி கேட்டா என்னம்மா பண்றது?" வெளியே ஹாரன் சத்தம். பிள்ளை பாத்ரூமுக்கு ஓடி வாந்தி எடுக்கிறாள்.

உடனே வீட்டில் நீதிமன்றம் கூடிவிடும். "நடிக்கிறா" என்பார் அப்பா. "கண்ணு பட்டிருக்கு, மிளகாய் சுத்திப் போடு" என்பார் பாட்டி. "எல்லாம் போனால வந்தது" என்பார் சித்தி. தாய்மாமன் வந்து தீர்ப்பே எழுதிவிடுவார்: "பன்னெண்டாவது முடிஞ்சதும் ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுங்க, தானா சரியாயிடும்."

பதினேழு வயதுப் பெண்ணின் நோய்க்குக் கல்யாணம் மருந்தா? (கைதட்டல்) பயந்த பிள்ளையை முன்பின் தெரியாத வீட்டுக்கு அனுப்பினால் பயம் போகுமா, இரட்டிக்குமா?

பிறகு வயிற்றுக்கு ஸ்கேன், நெஞ்சுக்கு ஈசிஜி, ரத்தப் பரிசோதனை. ஒருமுறை பார்க்க வேண்டியதுதான். தைராய்டு மிகுந்தாலும் படபடப்பு வரும். ஆனால் எல்லாம் நார்மல் என்று வந்தபின் டாக்டர், "மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்" என்கிறார் பாருங்கள், அந்தக் கணமே நாம் எழுந்துவிடுகிறோம். ஏன்? நமக்கு மருந்தைப் பற்றிப் பயமில்லை, பக்கத்து வீட்டைப் பற்றித்தான் பயம். சினிமாவில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை என்று ஒருவர் சொன்னால் கொட்டகையே சிரிக்கிறதே, அந்தச் சிரிப்பு நம் வீட்டுப் பக்கம் திரும்பிவிடுமோ என்கிற பயம். அந்தப் பயத்துக்கு வட்டி கட்டுகிறவள் நம் மகள்!

வெளியே தெரிந்துவிடும் என்கிறவர்களுக்குச் சொல்கிறேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது அதன் 23ஆம் பிரிவு. உடல் நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. சட்டம் நம் பிள்ளை பக்கம் நிற்கிறது. நாம் எந்தப் பக்கம்?

வைத்தியம் பலிக்குமா என்பீர்கள். 7 முதல் 17 வயதுவரையிலான 488 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சு சிகிச்சையும் செர்ட்ராலின் மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் 10க்கு 8 பேர் நன்றாகத் தேறினார்கள். பேச்சு சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 10க்கு 6 பேர். வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் நாலில் ஒருவர்கூடத் தேறவில்லை.

"மாத்திரை பழகிப்போயிடும்" என்கிறீர்கள். அல்பிரஸோலம் போன்றவை பழகும். டாக்டர் சீட்டில்லாமல் தொடவே கூடாது. செர்ட்ராலின் அந்த வகை அல்ல. பலன் தெரியச் சில வாரம் ஆகும். ஆரம்ப வாரங்களில் பிள்ளையின் மனநிலையைக் கண்ணும் கருத்துமாகக் கவனிக்க வேண்டும். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று ஒரு சொல் சொன்னாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். தேறிவிட்டாள் என்று நாமாக நிறுத்தவும் கூடாது. இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியவர் மனநல மருத்துவர். வாட்ஸ்அப் குழு அல்ல. (சிரிப்பு)

இனி, பாசக்கார அம்மாக்களே, உங்களிடம் வருகிறேன். திட்டுகிற அப்பாவால் ஒரு கெடுதல் என்றால், தாங்குகிற அம்மாவால் இன்னொரு கெடுதல். "சரி கண்ணு, இன்னிக்கு லீவு போட்டுக்கோ" என்கிறீர்கள். ஐந்தே நிமிஷத்தில் வயிற்றுவலி நின்றுவிடுகிறது. அது நடிப்பல்ல, ஆபத்து விலகியது என்று உடம்பு நம்பிவிட்டது. பள்ளிக்கூடம் ஆபத்து, வீடுதான் பத்திரம் என்று அது பாடம் படித்துவிட்டது. நாளைக்கு வலி இன்னும் சீக்கிரம் வரும். "ஃபெயில் ஆயிடுவேனாம்மா?" என்று கேட்கும்போதெல்லாம் "ஆகமாட்டே" என்று சத்தியம் செய்வதும் அப்படித்தான். அரைமணி நேரத்தில் மறுபடி கேட்பாள்.

யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழு 2020இல் ஒன்றைக் காட்டியது. பிள்ளைகளுக்குச் சிகிச்சை தராமல், பெற்றோரின் நடவடிக்கையை மட்டும் மாற்றப் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு நேரடியாகப் பேச்சு சிகிச்சை தந்ததற்குச் சளைக்காத பலன் கிடைத்தது. அப்படியானால் வைத்தியத்தில் ஒரு பங்கு நம் நாக்கில் இருக்கிறது. "உனக்கு எவ்வளவு பயமா இருக்குன்னு எனக்குத் தெரியுது. அந்தப் பயத்தோட உன்னால இருக்க முடியும்னும் தெரியுது." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். பிறகு பள்ளிக்குப் படிப்படியாகப் பழக்க வேண்டும். முதல் வாரம் பள்ளி வாசல்வரை. அடுத்து நூலகத்தில் ஒரு பீரியட். பிறகு கடைசி பெஞ்சில் அரை நாள். மருத்துவரும் ஆசிரியரும் நாமும் கலந்து போடுகிற கணக்கு அது.

பள்ளி நிர்வாகங்களே, நீங்களும் தப்ப முடியாது. மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிப்பதை 2017இல் தமிழ்நாடு அரசே நிறுத்திவிட்டது. உங்கள் ஃபிளெக்ஸ் போர்டு மட்டும் ஏன் இன்னும் இறங்கவில்லை? மயங்கி விழுந்த பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டு "டிசி வாங்கிக்கோங்க" என்கிறீர்களே, உங்களுக்கு வேண்டியது பிள்ளைகளா, தேர்ச்சி சதவீதமா? பள்ளிக்கொரு மனநல ஆலோசகரை நியமியுங்கள். இந்தக் கூட்டத்தின் கோரிக்கை அது.

பணமில்லை என்று யாரும் உட்கார்ந்துவிட வேண்டாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகக் கூச்சமாக இருந்தால் 14416க்கு அடியுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து கேட்டால் நிமிர்ந்து சொல்லுங்கள்: "ஆமாம், என் மகளுக்குப் பதற்ற நோய் வந்தது. வைத்தியம் பார்த்தோம்." அதைக் கேட்டுத் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிற வீட்டுக்கு நம் பெண் வாழப் போக வேண்டாம்!