பெயருக்குப் பின்னால் எழுதமாட்டேன்

உடன்குடியில் போர்டு எழுதுகிறவன் நான். ஃபிளக்ஸ் வந்தபின் பிரஷ் வேலை அநேகமாகப் போச்சு. கருப்பட்டிப் பாக்கெட்டுக்கு லேபிள் வரைகிறேன். குலசை தசராவுக்குக் காளி கிரீடமும் மிச்சக் கைகளும் செய்கிறேன். புரட்டாசியில் தூக்கம் கிடையாது.

காளி வேடத்தில் வருகிறவன் காலில் எல்லாரும் விழுகிறார்கள். வேடத்தைக் கலைத்ததும், ‘நீ எந்தத் தெரு?’ என்கிறார்கள்.

போன மாதம் ஒரு கல்யாண வரவேற்புப் பலகை. மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டுமாம். பட்டத்தை விடச்சொல்லி 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டாச்சே! முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அது மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்தது. வீட்டம்மா ரெண்டு நாள் பேசவில்லை. மகள்தான், ‘பாத்துக்கலாம்ப்பா’ என்று கிரீடத்துக்கு ஜரிகை ஒட்ட உட்கார்ந்தாள்.

ஃபீஸ் இன்னும் பாக்கி. போர்டு எழுதணும்னா சொல்லுங்க, தோழர்களே. வெறும் பெயர்தான் எழுதுவேன்.