சுற்றுச்சுவருக்குப் போன பணம்



உயர்கல்வியில் சமூகநீதி பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் ஒரே ஒரு காகிதத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பயன்பாட்டுச் சான்றிதழ். கணக்குப் பிரிவில் சுருக்கமாக 'யூ.சி.' என்பார்கள்.

மத்திய அரசின் மானியம் ஒரு கல்வி நிறுவனத்துக்கு ஒரே தொகையாக வருவதில்லை. சம்பளத்துக்கு ஒரு தலைப்பு, கட்டடம், கருவி வாங்க ஒரு தலைப்பு, மற்ற செலவுகளுக்கு ஒன்று. அதற்குள்ளேயும் பொது, பட்டியல் சாதி, பழங்குடி என்று தனித்தனியாகப் பிரித்துத்தான் ஒப்புதல் கடிதம் வரும். 1979-80இல் தொடங்கிய சிறப்புக் கூறு திட்டத்தின் தொடர்ச்சி இது. அரசின் பட்ஜெட் கணக்கில் பட்டியல் சாதியினருக்கான நிதிக்கு 789 என்று தனி எண்ணே இருக்கிறது. அந்தப் பணத்தை வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது என்பதற்காகத்தான் தனி எண்.

திருப்புகிறார்களா? நான் ஆய்வு செய்யும் நிறுவனத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு பட்டியல் வாங்கினோம். பட்டியல் சாதிக் கூறில் செலவு எழுதியிருந்தவை: கருத்தரங்கக் கூடத்துக்கு ஏ.சி., நாற்காலிகள், சுற்றுச்சுவர். அதே ஆண்டு எங்களில் சிலருக்கு மாதக்கணக்கில் உதவித்தொகை வரவில்லை. போய்க் கேட்டபோது அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏம்மா, அந்தச் சுவத்துக்குள்ளதானே உங்க பிள்ளைகளும் படிக்குது?"

'உங்க பிள்ளைகள்' என்ற சொல்லை விட்டுவிடுவோம். அவர் சொன்ன கணக்கு அவர் கண்டுபிடித்தது அல்ல. எல்லோருக்கும் பொதுவான ஒன்றைக் கட்டிவிட்டு, அதில் தலித்துகளும் நடப்பார்கள் என்று சொல்லி அவர்கள் பங்கில் செலவு எழுதுவது அரசுகளின் பழைய வழக்கம். 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக டெல்லி அரசு துணைத்திட்ட நிதியில் 600 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பிவிட்டதை உள்துறை அமைச்சராக இருந்த ப.சிதம்பரமே மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். கல்லூரியில் நடப்பது அதன் சின்ன வடிவம்.

அதிகாரி எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. தவணை பெரும்பாலும் நிதியாண்டு முடியும் நேரத்தில்தான் வந்து சேர்கிறது. மார்ச் 31க்குள் செலவழிக்க வேண்டும். முதல் தலைமுறை மாணவருக்கு ஓராண்டு பயிற்சி வகுப்பு நடத்துவதைவிட நாற்காலி வாங்குவது சுலபம். பில் வந்துவிடும், சான்றிதழில் கையெழுத்தும் போட்டுவிடலாம்.

சான்றிதழில் ஒப்புதல் கொடுத்த நோக்கத்துக்காகவே செலவழித்தோம் என்ற உறுதிமொழி அச்சிட்டே இருக்கும். என்ன பலன் கிடைத்தது என்பதை இணைப்பில் எழுதவும் இடம் உண்டு. அங்கே என்ன எழுதி அனுப்பினார்கள் என்று நம்மில் யாரும் கேட்பதில்லை.

ரோகித் வெமுலா தன் கடைசிக் கடிதத்தில் ஏழு மாத உதவித்தொகை, 1,75,000 ரூபாய், வரவேண்டியிருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். அந்தக் கடிதத்தை மேடைக்கு மேடை வாசிக்கிறோம். அந்தக் கணக்கு வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம். உதவித்தொகை நின்றால் ஒரு மாணவர் விடுதி மெஸ்ஸுக்குக் கடன் வைக்கிறார், நண்பரிடம் கை நீட்டுகிறார், பிறகு வீட்டுக்குப் போன் செய்வதையே நிறுத்திவிடுகிறார்.

ஆகவே உங்கள் கல்லூரியில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். அரசு உதவி பெறும் தனியார் கல்லூரியையும் விடாதீர்கள். மூன்று காகிதம் போதும்: கூறு வாரியாகப் பிரித்த ஒப்புதல் கடிதம், இணைப்போடு பயன்பாட்டுச் சான்றிதழ், அந்தப் பணத்தில் வாங்கிய பொருட்களின் பதிவேடு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுவர் தெரிந்துவிடும்.

ஒரு விஷயம். ஆய்வேட்டில் நெறியாளர் கையெழுத்து இன்னும் வாங்காதவர் இந்த மனுவில் பெயர் போட வேண்டாம். படிப்பை முடித்து வெளியே போன ஒருவர் போடட்டும். எங்களுக்காகப் போட்ட அக்கா இப்போது வேறு ஊரில் பாடம் நடத்துகிறார். மேல்முறையீட்டுக்கும் அவர்தான் போய் வந்தார்.