உடலறிவும் கல்வியே

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

   

எழுத்தறிவித்தலை முதற்பணியாகக் கொண்டு இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்த நம் கழகத்தின் மேடையில் குடல்நோய் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த மருத்துவர் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். ஏடும் மருந்தும் ஒரே கையில் இருந்த மரபு நம்முடையது. உடலைப் பற்றிய அறிவையும் கல்வியென்றே நாம் கொள்கிறோம்.

பெருங்குடல் புற்றுநோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் மலத்தில் தோன்றுவது. அதைப் பற்றி வாய் திறக்க எவரும் கூசுவர்; நமக்கோ அக்கூச்சம் இரட்டிப்பு. ஊரார் மலத்தை அள்ளுமாறு நம் மக்களை விதித்தது சாதி. அத்தொழிலில் ஆட்களை ஈடுபடுத்துவதைச் சட்டம் 1993-லும் 2013-லும் தடை செய்தது. ஆயினும் அவ்விழிவு நம் நாவில் இட்ட பூட்டு இன்னும் முழுதும் திறக்கவில்லை. மருத்துவர் முன்னிலையில்கூட, 'வயிறு சரியில்லை' என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அப்பூட்டைத் திறப்பதும் விடுதலைப் பணியே ஆகும்.

பெருங்குடல் ஏறத்தாழ ஐந்து அடி நீளமுள்ளது. அதன் உட்சுவரில் சிலருக்குச் சிறு மொட்டுகள் போன்ற சதை வளர்ச்சிகள் தோன்றும். அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. சில மட்டும் மெல்ல மெல்லப் புற்றாக மாறும். அம்மாற்றத்திற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகள் அளவில் ஆகும். இந்தப் பத்தாண்டுக் காலமே நமக்குக் கிடைத்துள்ள வாய்ப்பு. கொலனோஸ்கோபி என்னும் உள்நோக்கிச் சோதனையில் மொட்டைக் கண்டு அப்போதே அகற்றிவிட்டால், வரவிருந்த புற்றையே தடுத்துவிடலாம்.

அவ்வாறாயின் எப்போது சோதித்துக் கொள்வது? அமெரிக்காவில் ஐம்பது என்றிருந்த தொடக்க வயதை 2021-இல் 45 ஆக்கினர். ஜப்பானில் நாற்பது வயது முதல் ஆண்டுதோறும் மலச் சோதனை செய்கின்றனர். நம் நாட்டு அரசுத் திட்டம் முப்பது வயதைக் கடந்தோருக்கு வாய், மார்பு, கருப்பை வாய் ஆகியவற்றின் புற்றுக்கே சோதனை வகுத்துள்ளது. பெருங்குடல் அதில் இடம்பெறவில்லை. எனவே நாமே கேட்டுப் பெற வேண்டியவர்களாக இருக்கிறோம். 45 வயதை எட்டியவர், உடம்பு நலமாகவே இருந்தாலும், மருத்துவரிடம் இதுபற்றிக் கேட்டறிவது நன்று. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத குருதியைக் காட்டும் எளிய சோதனையை ஆண்டுக்கொரு முறை செய்யலாம். குருதி உண்டு என்று வந்தால் அது புற்றென்று பொருளன்று. ஆனால் கொலனோஸ்கோபியைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் வந்திருப்பின் கணக்கு வேறு. நாற்பது வயதிலோ, உறவினருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டுகள் முன்போ, இவற்றுள் எது முந்தியதோ அப்போதே தொடங்க வேண்டும். தந்தைக்கு 48 வயதில் கண்டதென்றால் மக்களுக்கு 38-இல் சோதனை.

மேற்கூறிய வயதெல்லாம் அடையாளம் ஏதும் இல்லாதோர்க்கே. மலத்தில் குருதி, சில வாரங்களாக நீடிக்கும் மலப்போக்கு மாற்றம், காரணமின்றி எடை குறைதல், காரணம் புலப்படாத குருதிச்சோகை ஆகியவை தோன்றினால் வயதை எண்ணிக் காத்திருத்தல் ஆகாது. குருதி கண்டவுடன் மூலம் என்று தாமே முடிவுகட்டி, 'மூலம், பவுத்திரம்' என்ற விளம்பரப் பலகையைத் தேடிச் சென்று மாதங்களைக் கழிப்போர் பலர். மூலமாகவே இருக்கலாம், அதனை மருத்துவர் சோதித்துச் சொல்லட்டும். மலக்குடல் புற்று நம் நாட்டில் நாற்பதுக்கு உட்பட்டோரிடமும் காணப்படுகிறது. புகையிலையும் மதுவும் இந்நோய்க்குத் துணை செய்வன. சாராயக் கடைகள் மலிந்த நம் புதுவையில் இதை உரக்கச் சொல்ல வேண்டியுள்ளது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு நமக்குப் பாடமாகும். இந்நோயால் அவர்கள் வெள்ளையரினும் மிகுதியாக மடிகின்றனர். புகழ்பெற்ற நடிகர் சாட்விக் போஸ்மன் 2020-இல் 43 வயதிலேயே மறைந்தார். ஆனால் டெலவேர் மாநிலம் ஒரு வழி காட்டியது. காப்பீடு இல்லாதோரின் செலவை அரசு ஏற்றது. ஒவ்வொருவரையும் சோதனைக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டிச் செவிலியரை அமர்த்தியது. 2002-இல் நூற்றுக்கு 48 பேராக இருந்த கறுப்பினத்தவரின் சோதனை வீதம் 2009-இல் 74 ஆகி, வெள்ளையரோடு சமமாயிற்று. இறப்பிலிருந்த வேறுபாடும் ஏறத்தாழ மறைந்தது. குறை மக்களின் குருதியில் இல்லை, வாய்ப்பில்தான் இருந்தது என்பது இதனால் விளங்கவில்லையா?

1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் மருத்துவப் பள்ளி கண்ட ஊர் நம்முடையது. அதன் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டில் நிற்கிறது. புற்றுநோய்ப் பிரிவும் அங்குண்டு. நம் குடியிருப்புகளிலிருந்து அது தொலைவில் இல்லை. அங்குச் செல்வோர்க்கு ஒரு நாள் கூலி போய்விடும் என்ற கவலையும், பெரிய கட்டடத்தில் யாரிடம் என்ன கேட்பது என்ற மலைப்புமே தடைகள்.

ஆகவே கழகத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். நம் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் யாருக்கு, எந்த வயதில், என்ன நோய் வந்தது என்பதைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். படித்த இளைஞர் சிலர், மருத்துவமனைக்குச் செல்லும் முதியோர்க்குத் துணையாகச் சென்று, சீட்டுப் பெற்று, மருத்துவர் சொல்வதை விளக்கட்டும். கழகம் கற்பித்த எழுத்து, ஈன்றோரின் உயிர் காக்கப் பயன்படுமாயின், இவ்விழாவுக்கு அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் வேறில்லை.