நன்னூலார் போட்ட கணக்கு
செயற்கை நுண்ணறிவும் சிற்றூர் வகுப்பறையும்



பாகூர் என்றவுடன் ஏரியும் நெல்வயலும் கரும்புத் தோட்டமும் கண்முன் தோன்றும். அவ்வூருக்கு மற்றொரு பெருமையும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் ஒரு வித்யாஸ்தானம், அதாவது உயர்கல்விக் கூடம், இயங்கி வந்தது. அதற்கு மூன்று ஊர்கள் அறக்கொடையாக வழங்கப்பட்ட செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்ட இந்நாளில், கேட்டவுடன் விடை கூறும் இயந்திரம் ஒன்று அதே மண்ணின் மாணவன் கைக்கு வந்திருக்கிறது. 2022 நவம்பர் இறுதியில் சாட் ஜிபிடி வெளிவந்தது முதல், இதனைப் பிள்ளைகளிடம் கொடுப்பதா, தடுப்பதா என்ற ஐயம் பெற்றோர் உள்ளத்தில் எழுந்துள்ளது.

இந்த ஐயம் நகரத்தைவிடச் சிற்றூருக்கே பெரிது. புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பும் அதற்கு மேற்பட்ட வகுப்புகளும் 2023-24ஆம் கல்வியாண்டு முதல் படிப்படியாகத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்திற்கு மாறின. தமிழில் பயின்று வந்த பிள்ளைகள் பலர், அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கில நூல்களில் கற்க வேண்டியவராயினர். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பகலெல்லாம் வயலிலோ தொழிற்சாலையிலோ உழைத்து வீடு திரும்பும் பெற்றோரால் அந்நூல்களை விளக்கிச் சொல்ல இயலுமா? தனிப்பயிற்சிக்கு அனுப்பவோ பணம் வேண்டும்; இரவில் பேருந்துக்குக் காத்திருக்கும் துன்பமும் உண்டு.

இத்தகைய வீட்டில் செயற்கை நுண்ணறிவு ஓர் உற்ற துணையாகலாம். ஒளிச்சேர்க்கையைப் பற்றிய ஆங்கிலப் பத்தியை எளிய தமிழில் விளக்கென்றால் விளக்கும். பத்து முறை கேட்டாலும் சலிப்படையாது, "இதுகூடத் தெரியாதா?" என்று ஏளனம் செய்யாது. வகுப்பில் எழுந்து ஐயம் கேட்கக் கூசும் மாணவிக்கு இது சிறிய உதவியன்று. பார்வைக் குறையுடைய மாணவருக்குப் பாடத்தை வாசித்துக் காட்டும். ஒரே வகுப்பில் பல நிலை மாணவரை வைத்துக்கொண்டு திண்டாடும் ஆசிரியருக்கு, அவரவர் நிலைக்கேற்ற பயிற்சி வினாக்களை நொடியில் ஆயத்தம் செய்து கொடுக்கும். சி.பி.எஸ்.இ. வாரியமே 2019-20ஆம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்புக்குச் செயற்கை நுண்ணறிவை விருப்பப் பாடமாக அறிமுகம் செய்தது. ஆகவே இதனை முற்றிலும் விலக்குதல் இயலாது. விலக்குதல் அறிவுடைமையும் ஆகாது.

எனினும் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கி நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவரைக் கொண்டு கணிதப் பாடத்தில் நடத்திய ஆய்வு 2025இல் வெளியாயிற்று. செயற்கை நுண்ணறிவைத் தடையின்றிப் பயன்படுத்திய மாணவர், பயிற்சியின்போது 48 விழுக்காடு சிறப்பாகச் செய்தனர். பின்னர் அக்கருவியை அகற்றித் தேர்வு வைத்தபோது, அதனைத் தொட்டே பாராத மாணவரைவிட 17 விழுக்காடு பின்தங்கினர். விடையைக் கூறாமல் குறிப்பு மட்டும் தருமாறு அமைத்த கருவியைப் பயன்படுத்தியவர்க்கோ இக்கேடு பெரும்பாலும் நேரவில்லை. கருவி ஒன்றே, பயன்படுத்திய முறைதான் வேறு.

இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன், சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்கச் சமண முனிவர் பவணந்தியார் இயற்றிய நன்னூல், எழுத்திலக்கணத்தைத் தொடங்குமுன் ஆசிரியர், மாணாக்கர், பாடஞ்சொல்லல், பாடங்கேட்டல் ஆகியவற்றின் இயல்பை வகுத்துரைக்கிறது. அங்கே ஒரு கணக்கு உண்டு. ஆசிரியர் கூறியதை எவ்வளவு செவ்வையாகக் கேட்டாலும் மாணாக்கன் பெறுவது கால் பங்கு புலமையே. உடன் பயில்வோரோடு பழகி ஆராய்வதால் மற்றொரு கால் பங்கு கிட்டும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே நிரம்பும்.

இக்கணக்கை இன்றைய கருவிக்குப் பொருத்திப் பார்த்தல் தகும். இயந்திரம் எத்துணைத் திறமுடையதாயினும், தான் விளக்கிச் சொல்வதன் வழியாகத் தரக்கூடியது அந்த முதற் கால் பங்கே. கட்டுரையையும் கணக்கையும் அதுவே செய்து முடித்தால், எஞ்சிய முக்கால் பங்கும் மாணவனுக்கு இல்லாமற்போகும். குறிப்பேடு நிறைந்திருக்கும், உள்ளம் வெறுமையாக இருக்கும். நகரத்துப் பிள்ளைக்கு இக்குறையைக் கண்டுபிடிக்கத் தனிப்பயிற்சி ஆசிரியர் உண்டு. சிற்றூர்ப் பிள்ளைக்கோ தேர்வு முடிவு வரும்போதுதான் குறை வெளிப்படும்.

வேறோர் இடரும் உண்டு. நன்னூல் மாணாக்கரைப் பறவை, விலங்கு முதலியவற்றோடு ஒப்பிடுகிறது. பாலையும் நீரையும் பிரித்துணரும் அன்னம் தலையாய மாணாக்கன்; கற்பித்ததை மட்டும் சொல்லும் கிளி இடைப்பட்டவன். இயந்திரமோ கிளிபோல் பேசுவதோடு, தான் அறியாததையும் அறிந்ததுபோல் புனைந்து கூறவல்லது. ஆங்கிலத்தை நோக்கத் தமிழ் நூல்கள் கணினிக்குள் மிகக் குறைவாகவே சென்றுள்ளன. ஆதலால் பாகூர் ஏரியையோ வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலையோ பற்றிக் கேட்டால் பிழை நேரும் வாய்ப்பு மிகுதி. பொருளை ஒரு பக்கம் மட்டும் கண்டு முடிவுரைத்தலாகாது என்பது அநேகாந்தவாதம் தந்த தெளிவு. அத்தெளிவோடு வளரும் பிள்ளை, இயந்திரத்தின் உறுதியான குரலுக்கு மயங்காது. பாடநூலோடும் ஊர்ப் பெரியவரோடும் ஒப்பிட்டுப் பார்க்கும்.

இல்லங்களில் கைக்கொள்ளத்தக்க நெறிகள் சிலவே. பிள்ளை முதலில் தானே குறிப்பேட்டில் முயன்ற பின்னரே இயந்திரத்தை நாட வேண்டும். "விடை சொல்" என்று கேளாமல், "அடுத்த படிக்கு ஒரு குறிப்புக் கொடு" என்று கேட்கப் பழக வேண்டும். யுனெஸ்கோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி, வகுப்பறையில் இக்கருவிகளைப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயது வரம்பு வேண்டும் என்கிறது. இளம்பிள்ளைகளிடம் தனியே ஒப்படைத்தல் நன்றன்று. பிள்ளையின் புகைப்படம், முகவரி, ஆதார் எண், வீட்டுச் செய்தி ஆகியவற்றை அதனுள் இடலாகாது. 18 வயது நிரம்பாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோர் இசைவு வேண்டும் என்பது இந்நாட்டின் 2023ஆம் ஆண்டுச் சட்டம்.

இவை எல்லாவற்றினும் மேலான நெறி ஒன்று. இரவு உணவுக்குப் பின் கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டு, அன்று படித்ததைத் தாய்க்கோ தாத்தாவுக்கோ தம்பிக்கோ பிள்ளை தன் சொற்களில் எடுத்துரைக்கட்டும். கேட்பவர்க்கு ஆங்கிலமோ அறிவியலோ தெரிந்திருக்க வேண்டுவதில்லை. "அது ஏன் அப்படி?" என்று இரண்டு முறை கேட்டாலே போதும். பிள்ளை திணறும் இடமே அது இன்னும் கற்க வேண்டிய இடம். பள்ளிப்படிப்பு அறியாத தாயும் அந்த அரைப்பங்கு கல்வியைத் தரவல்லவர். விடுமுறை நாட்களில் ஆலய மண்டபத்தில் மூத்த பிள்ளைகள் இளையோர்க்குப் பாடம் சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்தினால், கேட்போரும் சொல்வோரும் ஒருங்கே பயன்பெறுவர்.

நால்வகைத் தானங்களுள் சாத்திரதானமும் அபயதானமும் அடங்கும். பிள்ளைக்கு நூலறிவு தருவது முன்னது. பிழையாகச் சொன்னாலும் அஞ்சாமல் சொல்லிப் பார்க்க இடமளிப்பது பின்னதன்பாற் படும். இயந்திரம் முன்னதற்கு உதவலாம். பின்னதை வீட்டாரும் ஆசிரியருமே தர முடியும்.

அறிவு பெருகுக! அறம் ஓங்குக!