மரப்பாச்சிக்கு ஒரு புத்தாடை
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இலக்கிய நயம் பற்றியும் தமிழின் தொன்மை பற்றியும் அறிஞர் பலர் பேசிய இம்மேடையில், பொம்மைகளுக்கு ஆடை அணிவிப்பது பற்றி நான் பேசப்போவதாகச் செயலாளர் அறிவித்தபோது அவையில் சிறு நகைப்பு எழுந்தது. அந்நகைப்பில் ஒரு கேள்வி அடங்கியிருக்கிறது. பொம்மை குழந்தைகளுக்கு உரியதாயிற்றே. வயது வந்தோர் அதை வாங்கிச் சேர்ப்பதும், தலை வாரி உடை மாற்றி மகிழ்வதும் தகுமா என்பதே அக்கேள்வி. அதற்கு விடை கூறுவதும், அதன் வழியாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைப்பதும் என் நோக்கம்.

முதலில் வெளியுலகைச் சற்றுப் பார்ப்போம். நம் பெண் குழந்தைகள் அனைவரும் அறிந்த பார்பி என்னும் நாகரிகப் பொம்மை, 1959 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் நியூயார்க் நகரில் நடந்த விளையாட்டுப் பொருள் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. அதை உருவாக்கிய ரூத் ஹாண்ட்லர் என்னும் அம்மையார், தம் மகள் பார்பரா காகிதப் பொம்மைகளுக்கு விதவிதமான காகித உடைகளை மாற்றி விளையாடுவதைக் கண்டு இவ்வெண்ணம் கொண்டார். மகளின் பெயரே பொம்மைக்கும் ஆயிற்று. பதினொன்றரை அங்குல உயரம். விலை மூன்று டாலர். பொம்மை ஒன்றுதான், உடைகளோ தனித்தனியே விற்கப்பட்டன. ஒரே பொம்மையைப் பல கோலங்களில் காண்பதே அதன் கவர்ச்சி. அதற்கு முன்மாதிரியாக இருந்தது 1955-இல் ஜெர்மனியில் வெளிவந்த லில்லி என்னும் பொம்மை. அந்த லில்லி முதலில் பெரியவர்களுக்கென்றே விற்கப்பட்டது என்பதை இங்கே நகைத்தவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

அன்று பார்பியோடு விளையாடிய சிறுமியர் இன்று பாட்டிமாராகிவிட்டனர். அவர்களிற் பலர் அப்பொம்மைகளைத் தேடிச் சேர்க்கின்றனர். சேர்ப்பதோடு நில்லாமல், பழைய பொம்மைக்குப் புது வாழ்வு தருவதையே ஒரு கலையாகப் பயில்வோரும் உண்டு. சிக்குப் பிடித்த செயற்கைக் கூந்தலை வெதுவெதுப்பான நீரில் அலசி, நுனியிலிருந்து மெல்ல மெல்ல வாருகின்றனர். முகத்தில் அச்சிட்ட வண்ணத்தை நகப்பூச்சு அகற்றும் திரவத்தால் துடைத்துவிட்டு, கண்ணையும் புருவத்தையும் நுண்ணிய தூரிகையால் புதிதாக எழுதுகின்றனர். பிறகு அளவெடுத்துப் புத்தாடை தைக்கின்றனர். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் சோனியா சிங் என்னும் பெண்மணி, பிறர் கழித்துவிட்ட பொம்மைகளை எடுத்து, அவற்றின் மிகையான ஒப்பனையை அழித்து, சாதாரணக் குழந்தையின் முகத்தை வரைந்தார். அவருடைய தாயார் அவற்றுக்குக் கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்தார். 2015-இல் அச்செய்தி உலகெங்கும் பரவியது. குப்பைக்குப் போக இருந்த ஒரு பொருள், தாயும் மகளும் சேர்ந்து செய்த வேலையால் மதிப்புப் பெற்றது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர் சங்கர் பிள்ளை, குழந்தைகளுக்கான போட்டியில் பரிசாக வழங்குமாறு ஹங்கேரி நாட்டுத் தூதர் கொடுத்த ஒரு பொம்மையைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்தார். அப்போது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அன்று தொடங்கிய சேகரிப்பு வளர்ந்து, 1965 நவம்பர் 30 அன்று டில்லியில் அனைத்துலகப் பொம்மைக் காட்சிச்சாலையாகத் திறக்கப்பட்டது. நம் மாநிலங்கள் பலவற்றின் உடைகளை அணிந்த பொம்மைகள் அங்கேயே உள்ள பட்டறையில் உருவாக்கப்படுகின்றன. அதைத் திறந்துவைத்தவர் யார்? திருத்தணியில் பிறந்து, இதே திருப்பதியில் பள்ளிக் கல்வி பயின்ற குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்களே. தத்துவப் பேரறிஞர் ஒருவருக்குப் பொம்மைக் காட்சிச்சாலையைத் திறப்பது குறைவாகத் தோன்றவில்லை.

ஆயினும் டில்லிக்கும் டாஸ்மேனியாவுக்கும் நாம் ஏன் போக வேண்டும்? நம் வீட்டுப் பரணிலேயே இக்கலை இருக்கிறது. மரப்பாச்சியைத்தான் கூறுகிறேன்.

மணமகளுக்குச் சீர் வரிசையோடு மரப்பாச்சி ஜோடி ஒன்றைக் கொடுத்தனுப்புவது நம்மவரிற் பல குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். புகுந்த வீட்டில் அவள் வைக்கும் முதற்கொலு அந்த இணையைக் கொண்டுதான் தொடங்கும். களிமண் பொம்மைகளுக்கு ஆடையும் அணியும் வண்ணத்திலேயே தீட்டப்பட்டுவிடுகின்றன. வாங்கிய நாளில் இருந்த கோலமே என்றும் அதன் கோலம். மரப்பாச்சியோ அப்படியன்று. தட்டையான முகமும், உடலோடு ஒட்டிய கைகளும், செதுக்கிய சில கோடுகளுமே அதன் வடிவம். ஆண்டுதோறும் புத்தாடை உடுத்திக்கொள்வதற்கென்றே அது அப்படி எளிமையாக நிற்கிறது. ஓராண்டு ராஜா ராணி. மறு ஆண்டு மணமக்கள். வேறோர் ஆண்டு செட்டியாரும் ஆச்சியும். தன் கூறைப்புடைவையிலிருந்து கிழிந்த சரிகைக் கரையை எடுத்து மரப்பாச்சிக்குப் பாவாடை தைத்த பாட்டியை எந்தக் குழந்தை விளையாட்டுக்காரி என்று கூறும்? குழந்தைகள் கண்கொட்டாமல் பார்த்திருப்பர். ஊசியும் நூலும் எடுத்து உழைத்தவர் பெரியவரே. மேல்நாட்டார் இன்று புதிய பொழுதுபோக்காகக் கொண்டாடுவதை நம் தாய்மார் பண்டிகைக் கடமையாகவே செய்து வந்தனர்.

இனி, இவ்வூருக்கும் இப்பொம்மைக்கும் உள்ள உறவைக் கூறுகிறேன். வேலூர், காஞ்சிபுரம், சென்னை முதலிய ஊர்களில் மரப்பாச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், திருமலைக்கு யாத்திரை போனபோது வாங்கியது என்றே பலரும் கூறுவர். திருப்பதிக் கடைவீதியிலிருந்து யாத்திரிகர் மூட்டையில் ஏறித் தமிழ் வீடுகளுக்குச் சென்றவை அவை. நாமோ பிழைப்பை நாடி, உத்தியோக மாற்றத்தின் பொருட்டு, சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்து குடியேறினோம். நம்மோடு நம் பெட்டியில் அவையும் வந்தன. நமக்கு இது வந்த ஊர். மரப்பாச்சிக்கோ பிறந்த வீடு! 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோதும், 1960-இல் திருத்தணி வட்டாரம் தமிழகத்தோடு இணைந்தபோதும் எல்லைக்கோடுகள் மாறின. 2022-இல் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதி மாவட்டமும் அமைத்தனர். கோடுகள் எத்தனை மாறினும், இருபுறத்து வீடுகளிலும் கொலுப்படியில் நின்றது ஒரே பொம்மைதான்.

அதன் மரம் எளிதில் கிடைப்பதன்று. செம்மரம், செஞ்சந்தனம் என்று நாம் கூறும் அம்மரத்தைத் தெலுங்கர் எர்ர சந்தனம் என்பர். உலகில் அது இயற்கையாக வளரும் இடம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியே. அதிலும் சேஷாசலம் முதலிய மலைகளைச் சார்ந்த கடப்பை, சித்தூர், திருப்பதி, நெல்லூர் வட்டாரங்களே அதன் தாயகம். மிக மெதுவாக வளரும் மரம். அதன் வைரம் நீரில் அமிழும் அளவுக்குக் கனமானது. அதன் சிவப்பு ஒருகாலத்தில் சாயத்துக்காகக் கடல் கடந்து சென்றது. ஜப்பானியர் அதைக் கொண்டு இசைக்கருவி செய்கின்றனர். அளவுமீறி வெட்டப்பட்டதனால், 1995-இல் அனைத்துலக வாணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது.

இம்மரத்தைக் கள்ளத்தனமாக விற்றுப் பெரும் பொருள் ஈட்டுவோர் எங்கோ இருக்க, கோடரி பிடித்து மலையேறியவர் பெரும்பாலும் நம் தமிழ்நாட்டு ஏழைகள். 2015 ஏப்ரல் 7 அன்று, நம் கண்ணெதிரே தெரியும் இந்தச் சேஷாசலக் காட்டில், தமிழகத்திலிருந்து வந்த 20 பேர் சிறப்புப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். அந்த வழக்கைப் பற்றிப் பேச இது மேடையன்று. ஆனால் ஒரு சாண் மரப்பாச்சியைக் கையில் எடுக்கும்போது, இம்மரத்தின் விலை ரூபாயால் மட்டும் அளக்கப்படவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. ஆகவே புதிது புதிதாக வாங்கிக் குவிப்பது நமக்குத் தகாது. இருப்பதைப் பேணிப் புதுக்கோலம் செய்வதே தகும். புதிதாக வாங்கித்தான் தீர வேண்டுமெனில், அரசின் லேபாக்ஷி கைவினை நிலையம் போன்ற இடங்களில் உரிய ரசீது பெற்று வாங்குங்கள். சிவப்பு நிறம் கொண்டதெல்லாம் செம்மரம் அன்று என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இருப்பதைப் பேணுகிறோமா? இங்கேதான் என் கவலை. குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. மாற்றல் உத்தரவு வந்தால் பத்து நாளில் மூட்டை கட்ட வேண்டும். கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறுகின்றன. பழந்துணியில் சுற்றிய மரப்பாச்சி பரணிலேயே தங்கிவிடுகிறது. வீட்டு முதியவர் காலமான பின், கொலுவே நின்றுபோன இல்லங்களும் உண்டு. வெறும் மரக்கட்டை என்று எண்ணி எறியப்படும் அப்பொம்மையோடு, இன்னாருக்கு இன்ன ஊரில் நடந்த திருமணத்தில் வந்தது என்னும் குடும்ப வரலாறும் போய்விடுகிறது. ஊரையும் உறவையும் விட்டு வந்து வாழும் நமக்கு அவ்வரலாறு எவ்வளவு இன்றியமையாதது!

இக்கலைக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. செய்முறையைச் சுருங்கக் கூறுகிறேன். பொம்மையை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். ஸ்பிரிட்டையும் நகப்பூச்சுத் திரவத்தையும் கிட்டே கொண்டுசெல்லாதீர்கள். பிளாஸ்டிக் பொம்மைக்கு உதவும் அம்முறை செம்மரத்துக்கு ஆகாது. செம்மரச் சாயம் நீரைக் காட்டிலும் ஸ்பிரிட்டில் எளிதிற் கரையக்கூடியது. மெருகு வேண்டுமெனில் ஓரிரு சொட்டு எண்ணெய் தடவி, ஓரிரு நாள் விட்டுத் துடைத்து, அதன் பிறகே உடுத்துங்கள். அவசரப்பட்டால் பட்டில் கறை ஏறும். முதலில் பழைய வேட்டித் துணியால் உள்ளாடை ஒன்று சுற்றுங்கள். அதன் மேல் பட்டுத் துணுக்கைக் கொசுவி இடுப்பில் நூலால் கட்டுங்கள். ஆணி அடித்தலும் கெட்டிப் பசையால் ஒட்டுதலும் கூடா. அடுத்த ஆண்டு ஆடையை மாற்ற முடியாமற் போகும். கறுப்பு நூற்கண்டு பின்னலாகும். உடைந்த ஜிமிக்கி ஒட்டியாணமாகும். மிட்டாய்ப் பெட்டியின் பொன்வண்ண அட்டை கிரீடமாகும்.

இவ்வட்டாரத்துக்கே உரிய துணிகளும் உண்டு. காளஹஸ்தியில் எழுதுகோலால் வரையும் கலம்காரித் துணியில் ஒரு முழம் கிடைத்தால் ராணிக்கு மேலாடை ஆயிற்று. வெங்கடகிரிச் சேலையின் மெல்லிய நெசவு சிறு பொம்மைக்கு அழகாக மடியும். கெட்டிப் பட்டு அவ்வாறு மடியாது. தமிழ்நாட்டுச் சுங்கடியும் ஆந்திரக் கலம்காரியும் ஒரே இணைக்கு உடுத்திப் பாருங்கள். நம் வாழ்க்கையே அதில் தெரியும்.

அண்டை வீட்டுத் தெலுங்கு அன்பர்களையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாம் கொலு என்பதை அவர்கள் பொம்மல கொலுவு என்கின்றனர். சொல்லும் ஒன்றே, பொருளும் ஒன்றே. நமக்கு நவராத்திரி, அவர்களிற் பல குடும்பங்கள் தசராவில் மட்டுமன்றிச் சங்கராந்தியிலும் பொம்மை அடுக்குவர். அவர்கள் கொண்டப்பள்ளிப் பொம்மையை நமக்குக் காட்டட்டும். நாம் மரப்பாச்சியை உடுத்தும் முறையை அவர்களுக்குக் காட்டுவோம். இதை மகளிர் வேலை என்று ஆடவர் ஒதுங்கவும் வேண்டாம். படி அமைப்பது நாம். சிறு பீடமும் பல்லக்கும் செய்ய நமக்குக் கை இல்லையா? சீட்டாட்டத்தில் கழியும் ஞாயிறுகளில் ஒன்றை இதற்குக் கொடுத்தால் போதும்.

முடிவாக, சங்கத்தார்க்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று: நவராத்திரிக்கு முந்திய மாதத்தில் ஒரு ஞாயிறன்று, காலனிக் குடும்பங்கள் தத்தம் மரப்பாச்சிகளைச் சங்க மண்டபத்துக்குக் கொணர்ந்து, முதியோர் கற்பிக்க இளையோர் ஆடை தைக்கும் நாளாக அதை அமைக்க வேண்டும். பார்பி வைத்திருக்கும் சிறுமியரும் வரட்டும். அதற்கும் ஒரு சேலை உடுத்திக் கொலுவில் நிறுத்துவோம். இரண்டு: ஒவ்வோர் இணைக்கும் ஒரு சீட்டு எழுதி, யாருடையது, எவர் கொடுத்தது, எந்த ஊரிலிருந்து வந்தது என்பவற்றைச் சங்கப் பேரேட்டில் பதிய வேண்டும். மூன்று: மாற்றலாகிச் செல்வோர் கொண்டுசெல்ல இயலாத பொம்மைகளை எறியாமல் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும்; சங்கம் அவற்றைப் பேணி, காலனியில் முதற்கொலு வைக்கும் புதுமணத் தம்பதியர்க்கு வழங்க வேண்டும்.

இதற்குப் பெரு நிதி வேண்டா. ஓர் அலமாரியும் ஒரு பேரேடும் போதும். நம் பெண்கள் மணமாகி எந்த மாநிலத்துக்குச் சென்றாலும், அவர்களுடைய பெட்டியில் அம்மாவின் கையால் புத்தாடை உடுத்திய ஒரு மரப்பாச்சி இணை இருக்கட்டும்.