காக்கா ஆழி

புனே நகரில் வாழும் தமிழர்களாகிய நமக்குக் கடல் அன்றாடக் காட்சியன்று. நமக்கும் கொங்கணக் கரைக்கும் நடுவே சஹ்யாத்ரி மலைத்தொடர் நிற்கிறது. எனினும், தமிழகத்துக் கடலோர ஊர்களில் உற்றார் உறவினர் உடையோர் நம்மிடையே பலர். அவர்கள் செவியில் அண்மைக் காலத்தில் விழுந்திருக்கக்கூடிய பெயர் ஒன்று உண்டு. அதுவே ‘காக்கா ஆழி’.

காக்கா ஆழி என்பது கருநிறமான ஒரு சிறு சிப்பி. மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா ஆகியவற்றின் கடற்கரைகளே அதன் தாயகம். 2014-ல் பிலிப்பைன்ஸிலும் 2016-ல் சிங்கப்பூரிலும் அது தென்பட்டது. 2019-ல் கொச்சிக் காயலில் அது பரவியிருப்பதை ஆய்வாளர் அறிவித்தனர். பின்னர், சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் சேற்றின்மேல் கம்பளம் விரித்தாற்போல் அது படர்ந்துவிட்டது.

காலில்லாத சிப்பி கடல் கடந்தது எங்ஙனம்? சரக்கை இறக்கிவிட்ட கப்பல், நிலை தடுமாறாதிருக்கும் பொருட்டுத் தன் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்கிறது. மற்றொரு துறையில் சரக்கு ஏற்றும்போது அந்நீரை வெளியேற்றுகிறது. கண்ணுக்குப் புலப்படாத சிப்பிக் குஞ்சுகளும் அந்நீரோடு இடம் மாறுகின்றன. கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு வருவனவும் உண்டு.

இதனால் விளையும் கேடு யாது? இறால் சேற்றில் இரை தேடி, சேற்றிலேயே பதுங்கி வாழ்வது. சிப்பிகள் நூல் போன்ற இழைகளால் ஒன்றோடொன்று பிணைந்து சேற்றை மூடிவிட்டால், இறாலுக்கு இடம் ஏது? ஆற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிப்போரின் அன்றாடக் கூலி அன்றே குறைகிறது.

பிழைப்புக்காக வேற்று மாநிலம் வந்துள்ள நாம், ‘அந்நியம்’ என்னும் சொல்லைக் கேட்டதும் சற்றே தயங்கலாம். பிறந்த இடம் வேறு என்பது குற்றமன்று. நம் குழம்பில் இடும் மிளகாயும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. ஆனால் மிளகாயை நாம் விரும்பி விதைத்தோம். வேண்டும் அளவே வளர்த்தோம். இச்சிப்பியையோ எவரும் அழைக்கவில்லை; இதன் பெருக்கம் எவர் கையிலும் இல்லை.

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில், 1999-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், இதனையொத்த வேறொரு சிப்பி படகுத்துறைகளில் காணப்பட்டது. அத்துறைகளின் நீர்க்கதவுகளை உடனே அடைத்து, குளோரினும் மயில்துத்தமும் கலந்து, சில வாரங்களுக்குள் அதனை ஒழித்தனர். அதே இனம் 1970-களிலேயே மும்பைத் துறைமுகத்தில் இருப்பதாகப் பதிவாகியுள்ளது. அடைத்த துறையில் இயன்றது திறந்த துறைமுகத்தில் இயலுமோ? பரவிய பின் அகற்றுவது அரிது. பரவுமுன் கண்டறிவதே வழி.

கப்பல் நீரைச் சுத்திகரித்த பின்னரே வெளியேற்ற வேண்டும் என்னும் பன்னாட்டு உடன்படிக்கை 2004-ல் இயற்றப்பட்டு, 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆயின், சட்டம் கப்பலைக் காக்கலாம். கழிமுகத்தை நாள்தோறும் காண்பவர் மீனவரே. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு ஒன்று புலனாகிறது. அறிவியலார் இலத்தீன் பெயரோடு வருமுன், கரையோர மக்கள் தம் சொல்லால் புதுவரவைச் சுட்டிவிடுகின்றனர். அச்சொல்லுக்குச் செவி சாய்ப்பதே முதற் காப்பு.

ஆகவே, ஊரிலுள்ள உறவினர் ‘இதுவரை காணாத சிப்பி வலையில் வந்தது’ என்று கூறினால், பேச்சை அவ்வளவில் விட்டுவிட வேண்டா. படமும், இடமும், நாளும் குறித்து மீன்வளத்துறைக்குத் தெரிவிக்கச் சொல்வோமாக.