கனியின் நிறமும் கனியின் மென்மையும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய உரை)

 

சென்ற கோடையில் நமது வட்டாரத்துப் பஞ்சாயத்து ஒன்றில் ஒரு வழக்கு எழுந்தது. உழவர் ஒருவர் முப்பது தார் ஜி-9 வாழையை வெட்டி, தகரக் கொட்டகையில் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைத்து, வியாபாரிக்கு அனுப்பினார். தோல் பச்சையாகவே இருந்தது. 'காயை அனுப்பி ஏமாற்றிவிட்டார்' என்று கூறி வியாபாரி பாதி விலைதான் கொடுத்தார். 'உரித்துப் பாரும், உள்ளே பழம் குழைந்து கிடக்கிறது' என்றார் உழவர். பஞ்சாயத்தார் உரித்துப் பார்த்தனர். உழவர் கூறியது மெய். தோல் பச்சை என்று வியாபாரி கூறியதும் மெய். அவர்கள் நம்மிடம் வந்து விளக்கம் கேட்டபொழுது நமக்கும் உடனே விடை கூற இயலவில்லை, அதை மறைப்பதற்கில்லை. அதன்பின் தேடிப் படித்து அறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

கிரஹாம் ஸீமூர் என்பவர் இங்கிலாந்தில் பணியாற்றிய தாவர விஞ்ஞானி. பிற்காலத்தில் நாட்டிங்ஹாம் பல்கலைக் கழகத்தில் தக்காளியைப் பற்றிய ஆராய்ச்சியால் புகழ் பெற்றவர். ஆயினும் அவருடைய தொடக்க கால ஆராய்ச்சி வாழைப்பழத்தைப் பற்றியது. ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் கேவண்டிஷ் வாழையைப் பழுக்க வைத்தால், உட்சதை கனிந்து இனிக்கும், ஆனால் தோலின் பச்சையம் முழுவதும் அழியாமல் தங்கிவிடும் என்பதை அவரும் அவருடன் உழைத்தோரும் 1987இல் ஆராய்ந்து வெளியிட்டனர். ஜி-9 கேவண்டிஷ் வகையைச் சேர்ந்தது. அதன் உறவான ரொபஸ்டாவுக்கு நம் சந்தையில் 'பச்சைப்பழம்' என்று பெயர் வழங்குவதையும் நினைத்துப் பாருங்கள். வைகாசி வெயிலில் தகரக் கொட்டகை எத்தனை பாகை சுடும் என்பதை உங்களுக்கு நாம் கூற வேண்டியதில்லை. வழக்கின் விடை இதுவே. அந்த உழவர் ஏமாற்றவில்லை. அவரை ஏமாற்றியது கொட்டகையின் சூடு.

இதிலிருந்து தெரிவது யாதெனில், நிறம் மாறுவது ஒரு வேலை, மென்மையாவது வேறொரு வேலை. இரண்டும் வழக்கமாக ஒன்றாக நடப்பதால் நாம் ஒன்றென்று எண்ணிக்கொள்கிறோம். தக்காளியிலும் அப்படியே. 30 பாகைக்கு மேல் வெப்பம் ஏறினால் தக்காளியின் சிவப்பு சரியாக உண்டாவதில்லை. ஆகவேதான் கடுங்கோடையில் பழம் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ நின்றுவிடுகிறது. ஆனால் குழைவது மட்டும் நிற்பதில்லை.

மென்மை எங்கிருந்து வருகிறது? கனியின் சதை கண்ணுக்குத் தெரியாத சிற்றறைகளால் ஆனது. இவற்றைச் செல்கள் என்பர். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சுவர் உண்டு. அந்தச் சுவரில் செல்லுலோஸ் என்னும் நார்கள் கயிறுபோல் ஓடுகின்றன. அவற்றினிடையிலும், ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவிலும், பெக்டின் என்னும் பொருள் சாந்துபோல் நிறைந்திருக்கிறது. காய் முற்றிக் கனியும் தறுவாயில் எதிலீன் என்னும் வாயு காயினுள்ளேயே உண்டாகிறது. அதன் தூண்டுதலால் பல நொதிகள் தோன்றி, இந்தச் சாந்தைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றன. சாந்து கரைந்த சுவர் நெகிழ்கிறது. காய் செங்காயாகி, செங்காய் கனியாகிறது. இதே பெக்டினைச் சுண்ணாம்புச் சத்து இறுகப் பிணைக்கும். ஆக்ராவின் பூசணி மிட்டாய் செய்பவர்கள் துண்டுகளை முதலில் சுண்ணாம்பு நீரில் ஊற வைப்பது, பாகில் கொதிக்கும்போது அவை குழையாதிருக்கவே. ஆராய்ச்சிக்கூடம் தோன்றுமுன்பே அடுப்படியில் அறிந்த உண்மை இது.

சாந்தைக் கரைக்கும் நொதிகளுள் எதைத் தடுத்தால் தக்காளி நீண்ட நாள் கெடாதிருக்கும்? முதலில் எல்லோரும் பாலிகாலக்டுரோனேஸ் என்னும் நொதியையே குறிவைத்தனர். பழுத்த தக்காளியில் அது மிகுதியாக இருந்ததே காரணம். 1988இல் நாட்டிங்ஹாமில் டான் கிரையர்சன் குழுவினரும், கலிபோர்னியாவில் கால்ஜீன் கம்பெனியாரும் அந்த நொதிக்குரிய மரபணுவை அடக்கிக் காட்டினர். கால்ஜீனின் தக்காளி 1994இல் அமெரிக்க அரசின் ஒப்புதலோடு கடைக்கு வந்தது. ஆனால் எதிர்பார்த்த உறுதி பழத்தில் வரவில்லை, ஓரளவே கண்டது. சில ஆண்டுகளிலேயே அது சந்தையை விட்டு மறைந்தது. இங்கிலாந்தில் 1996இல் அதே முறையால் தயாரான தக்காளி விழுது, கெட்டியாக இருந்ததால், சிலகாலம் நன்றாக விற்றது. பெரும்பொருள் செலவிட்ட முயற்சி, தவறான நொதியைப் பிடித்துக்கொண்டதால் தடுமாறிற்று என்றே நாம் கருதுகிறோம்.

ஸீமூர் குழுவினர் மனம் தளராமல் வேறு நொதிகளைத் தேடினர். 2016இல் பெக்டேட் லையேஸ் என்னும் நொதியின் மரபணுவை அடக்கியபொழுது, பழம் உறுதியாக நின்றது. கனிதலின் மற்ற மாற்றங்களோ தடையின்றி நடந்தன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் தேடலுக்குப்பின் கிடைத்த விடை அது. நம் நாட்டிலும் டெல்லியிலுள்ள தேசியத் தாவர மரபணு ஆராய்ச்சி நிலையத்தார், செல் சுவரோடு தொடர்புடைய வேறு இரு நொதிகளை அடக்கி, தக்காளியைச் சுமார் 30 நாள் கூடுதலாக வைத்திருக்கலாம் என்று 2010இல் காட்டினர்.

உடனே விதை எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். அத்தகைய மரபணு மாற்றிய தக்காளி விதை நம் நாட்டில் விற்பனைக்கு அனுமதிக்கப்படவில்லை. 'ஒரு மாதம் அழுகாத தக்காளி' என்று எவரேனும் பொட்டலத்தை நீட்டினால் வாங்க வேண்டாம். வந்தவரை உட்கார வைத்துவிட்டு வேளாண்மை அலுவலருக்குச் சொல்லியனுப்புங்கள்.

ஆனால் விதை வரும்வரை இந்த அறிவு வீணாகக் கிடக்க வேண்டுவதில்லை. தக்காளியின் பூ நுனிப் பக்கம் கருத்து அமுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைப் பூச்சி என்றெண்ணி மருந்தடிக்கிறார்கள். அது பூச்சியன்று, காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராமையால் திசு நிலைகுலைந்து மடிவது. மண்ணில் அச்சத்து இருந்தும், ஒரு வாரம் காயவிட்டு மறுவாரம் வெள்ளமாகப் பாய்ச்சுவதால் அது காய்க்கு ஏறாமற் போவதுண்டு. மருந்துக்குச் செலவிடும் பணத்தைத் தண்ணீர் முறையில் கருத்தாகச் செலவிடுங்கள்.

தூரத்துச் சந்தைக்கு அனுப்பும் தக்காளியை நிறம் திரும்பத் தொடங்கும் பருவத்தில் பறியுங்கள். இன்னும் முற்றாத பிஞ்சைப் பறித்தால் எந்த வாயுவாலும் அதற்குச் சுவை வராது. குளிர் அறை கிடைத்ததே என்று அளவுக்கு மீறிக் குளிரவும் வைக்கலாகாது. 12, 13 பாகைக்குக் கீழே நாட்கணக்கில் வைத்தால் முற்றிய பச்சைத் தக்காளியும் வாழையும் பழுதடையும்.

இனி, கார்பைடு கல். இதைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. ஈரம் பட்டதும் அக்கல் வெளிவிடும் அசிட்டிலீன் வாயு எதிலீனைப் போல் நடிக்கிறது. முற்றாத மாங்காயும் இரண்டு நாளில் பொன்னிறம் காட்டும். உள்ளே புளிப்பும் நாரும்தான். அன்றியும் அக்கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகிய நச்சுகள் கலந்திருப்பதுண்டு. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி அதனால் பழுக்க வைத்த பழத்தை விற்பது குற்றம். பத்து இலட்சம் பங்குக் காற்றில் 100 பங்கு வரை எதிலீன் வாயுவைப் பயன்படுத்த 2016இல் அனுமதி வந்துவிட்டபின், கல்லைத் தேடுவதற்கு என்ன சாக்கு இருக்கிறது? பழம் இருக்கும் கிடங்கில் கல் பொட்டலத்தைக் கண்டால், பஞ்சாயத்து உறுப்பினர்கள் உறவு, ஊர் என்று தயங்காமல் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பழத்தை முதலில் தின்பது நம் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கும் பிள்ளைகள்.

வழக்குக்கு வந்த உழவர் இவ்வாண்டு தகரக் கொட்டகையை விட்டுவிட்டார். அண்டை ஊர் உழவர் இருவரோடு சேர்ந்து, எதிலீன் அறையில் 17, 18 பாகையில் பழுக்க வைத்தார். அறை வாடகை கொஞ்சம் உறுத்துகிறது என்று நம்மிடம் முறையிட்டார். அது நியாயமான முறையீடு. பழம் மஞ்சளாக வந்தது, வியாபாரியும் அவரே.

அதோ அந்த மேசைமேல் மூன்று தட்டுகளில் தக்காளி வைத்திருக்கிறோம். முதல் தட்டில் முற்றிய காய், அடுத்ததில் செங்காய், கடைசியில் வெயிலில் பழுத்து மஞ்சளோடு நின்றது. கூட்டம் கலைந்ததும் ஒவ்வொருவராக வந்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள். மூன்றாம் தட்டை மட்டும் மெதுவாக அமுக்குங்கள். காலையிலேயே இரண்டு உடைந்துவிட்டன.